பிடரிகள்

இருபத்தாறு வருடமாக
நான் பார்த்ததெல்லாம் பிடரிகளைத்தான்.
ட்ரியெஸ்தே நகரில், மீன்சந்தைக்குப் பின்புறம்
நூற்றிப்பத்து நாற்காலிகள்.
மேலே செருப்புப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல்,
அதற்குப் பின்னால் நான்.
அழுகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது.
கழுத்து தெரியும்.

இந்த வாரப் படம்:
கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.
அவனுடைய பல்துலக்கியை அவள்
நான்கு வருடம் அதே குவளையில் வைத்திருக்கிறாள்.
கடைசியில் படகை விற்கிறாள்.
அவ்வளவுதான். இரண்டு மணி ஏழு நிமிடம்.

செவ்வாய்.
பல்துலக்கி வந்ததும் மூன்றாம் வரிசையில்
ஒரு நரைத்த கொண்டை ஆடியது.
மருந்துக்கடை நெரீனா.
அழுகிறாள் என்று நினைத்தேன்.
இடைவேளையில் மூச்சிரைக்க மாடியேறி வந்து கேட்டாள்:
"நான்கு வருடமா? குவளையின் அடியில் பாசி பிடிக்காதா?
எலியோ போன அன்றைக்கு
நான் முதலில் கழுவியது அந்தக் குவளையைத்தான்.
அப்படியானால் எனக்கு அவன்மேல் ஆசையில்லை என்றா?"
படத்தை எடுத்தது நானில்லை என்றேன்.
"தெரியும்.
கீழே யாரிடம் போய்ச் சொல்ல?"

புதனன்று மாணவிகள் ஆறு பேர்.
ஒரே கைக்குட்டை வரிசை நெடுகப் போய்வந்தது,
பந்தியில் உப்புக்கிண்ணம்போல.
வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார்கள்.

வியாழன் வந்த ஜோடி
தலையோடு தலை சாய்த்திருந்தார்கள்.
அவன் கிளம்பிய காலையில்தான்
அவனை விட்டுப் போய்விட முடிவு செய்திருந்தேன் என்று
திரையில் அவள் சொன்னாள்.
இரண்டு தலைகளும் ஒரு சாண் விலகின.
அதன்பின் படம் முடியும்வரை
அந்த ஒரு சாணில் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தது.

வெள்ளி இரவு
படகை விற்கும் கட்டம். அரங்கே மூச்சடக்கியிருக்க
ஒருவன் சிரித்தான், கெக்கெக்கென்று.
துறைமுகத்தில் கப்பல்களைக் கரையில் கட்டுகிற தூலியோ.
உஸ் உஸ் என்றார்கள். அவன் எழுந்தே விட்டான்:
"அந்த முடிச்சு நிற்காது!
இப்படிக் கட்டினால் படகு அன்றைக்கே போயிருக்கும்,
விற்பதற்கு எங்கே இருக்கும்?"
காசைத் திருப்பிக் கேட்டான். கொடுக்கவில்லை.
நான் கதவைப் பூட்ட வந்தபோது
போரா காற்றில் தொப்பிகள் பறந்துகொண்டிருந்தன.
அவன் வாசற்படியில் உட்கார்ந்து
கழுத்துத்துணியைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றி
முடிச்சைப் போட்டான், அவிழ்த்தான்,
போட்டான்.
வழிவிடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் கதையில் யாரும் சாகவில்லை.
அவன் உதினேயில் இருக்கிறான், ரயிலில் ஒரு மணி நேரம்.
மூக்குக்கண்ணாடி விற்கிறான்,
உடம்பு போட்டுவிட்டதாகக் கேள்வி.
துக்கம் விசாரிக்க ஆள் வராத துக்கம்.
அதற்குக் கறுப்பு உடுத்தினால்
கடைக்காரி கேட்பாள், யார் போனது என்று.

ஞாயிறு கடைசிக் காட்சி.
தொலைபேசியில் ஒரு சீட்டு பதிவாகியிருந்தது,
ஆள் வரவில்லை.
விற்ற சீட்டுக்குப் படம் ஓடியாக வேண்டும்.
ஓட விட்டு, கீழே இறங்கி
நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.
திரை இவ்வளவு பெரிதா?
பல்துலக்கி வந்தது, போனது. எனக்கு ஒன்றுமில்லை.
பிறகு சமையலறையில்
அவள் ஓர் ஆரஞ்சை உரிக்கிறாள்,
பாதியைத் தின்கிறாள்,
மீதிப் பாதியை யோசிக்காமல்
மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளுகிறாள்.
சன்னலிலிருந்து பதினான்கு தடவை பார்த்த காட்சி.
யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
என் பிடரி அப்போது என்ன செய்தது என்று சொல்ல
மேலே ஆளில்லை.

படகு வந்தபோது எழுந்துபோய்
திரையின் அருகில் நின்று பார்த்தேன்,
கயிறு என் முழங்கை அளவு பருமனாகத் தெரிந்தது.
தூலியோ சொன்னது சரி.
அந்த முடிச்சு நிற்காது.